உங்கள் பெயரில் என் தையற்கூடம்

அன்புள்ள உங்களுக்கு,

பள்ளிச் சீருடை தைக்கும் வேலை நமக்குத்தான் என்று தலைமையாசிரியை கையெழுத்திட்ட கடிதம் இன்று காலை வந்தது.

தையற்கூடத்தைப் பதிவு செய்தபோது, பெண் பெயருக்கு யாரும் வேலை தரமாட்டார்கள் என்று பயந்து நானேதான் உங்கள் பெயரை எழுதினேன். இப்போது ஒப்பந்தத்தில் நீங்கள் கையெழுத்திட வேண்டுமாம். பெயரை மாற்றவும் உங்கள் கையெழுத்தே வேண்டுமாம்.

"தைக்கிறது நான்தானே சார்?" என்றேன்.

"இருக்கலாம்மா. பேரு அவரு பேராச்சே. நேர்ல வரச் சொல்லுங்க," என்றார் பதிவு அலுவலக எழுத்தர்.

"அக்கா, மாமா கையெழுத்தையும் நீங்களே தைச்சுடுங்க," என்று நம் கூடத்தில் சட்டைகளுக்குக் காஜா எடுப்பவள் கிண்டலடித்தாள். நானும் சிரித்துவைத்தேன். நீங்கள் வெளியூர் வேலையில் இருப்பதாகத்தான் இரண்டு வருடமாகக் கூடத்தில் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

முந்தைய மூன்று கடிதங்களுக்கு ஏன் பதில் போடவில்லை என்று நான் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிவரை பதிவு அலுவலகம் திறந்திருக்கும். நான் வாசலில் நிற்பேன்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா