அத்தை ஒட்டிய பெயர்

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் நலம் என்று அண்ணி சொல்லிவிட்டார். ஃபோனில் நான் சத்தமாகப் பேசினால் சண்டை போடுவதுபோல் இருக்கிறது என்கிறீர்கள். மெதுவாகப் பேசினால் உங்களுக்குக் கேட்பதில்லை. அதனால் கடிதம்.

அடுத்த நாவல் நம் அத்தையைப் பற்றி. சினிமா வரலாறு என்று வந்த புத்தகங்களை எல்லாம் புரட்டிவிட்டேன். அப்பாவுக்கு ஒரு அத்தியாயமே இருக்கிறது. அவருடைய அக்கா ஒரு வரியில்கூட இல்லை. ஸ்டூடியோவில் அத்தனை படங்களையும் வெட்டி ஒட்டியது அத்தை. படத்தொகுப்பு என்று திரையில் வந்தது அப்பா பெயர். கதையாகத்தான் எழுதுகிறேன். ஆனாலும் அந்த எடிட்டிங் அறையில் அத்தையோடு வேலை பார்த்தவர்களில் இன்று இருப்பது நீங்கள் ஒருவர்தான். அத்தை எப்படி உட்காருவாள், எப்படித் திட்டுவாள், எல்லாம் எழுதி அனுப்புங்கள். முதல் அத்தியாயம் இத்துடன் வருகிறது. சோம்பல் படாமல் படியுங்கள்.

உங்கள் வாலு

மார்ச் 15

வாலுக்கு,

படித்தேன். உனக்கு எழுத வருகிறது, அதில் சந்தேகமே இல்லை. அதுதான் எனக்குப் பயம்.

திரைப்படக் கல்லூரியின் புதுக் கட்டடத்துக்கு அப்பா பெயர் வைக்க நான் எத்தனை வருஷமாக நடையாய் நடக்கிறேன் என்று உனக்குத் தெரியும். இப்போதுதான் கமிட்டி தலையாட்டியிருக்கிறது. இந்த நேரத்தில், பெற்ற மகளே ‘அப்பா வெட்டவில்லை’ என்று எழுதினால் என்ன ஆகும்? கதைதானே என்பாய். ஊர் அப்படிப் படிக்காது.

அத்தை உதவி செய்தாள், நன்றாகவே செய்தாள். பிலிமில் மருந்து பூசிய பக்கம் எது என்று உதட்டில் வைத்துப் பார்ப்பாள். ஒட்டிக்கொண்டால் அந்தப் பக்கம். இந்த மாதிரி விஷயங்களை எழுதிக்கொள். அப்பாவைச் சின்னவராக்காதே. ஆக்கினால் என் வீட்டு வாசல்படி மிதிக்காதே. அண்ணி இந்த வரியை அடிக்கச் சொன்னாள். நான் அடிக்கவில்லை.

அண்ணன்

மார்ச் 29

கோபக்கார அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து எழுத்து ஓடவில்லை. எனக்கென்று இருப்பது நீங்களும் அண்ணியும்தான். ஒரு புத்தகத்துக்காக உங்களை இழக்க எனக்குத் தெம்பு இல்லை. அதனால் புதிதாக ஒரு காட்சி சேர்த்திருக்கிறேன்.

அப்பா கேட்கிறார்: “அக்கா, இந்தப் படத்துல உன் பேரையும் போடச் சொல்லட்டுமா?” அத்தை கண் கலங்கிச் சொல்கிறாள்: “என் பேரு எதுக்குப்பா? உன் பேரு வந்தா எனக்கு வந்த மாதிரிதான்.”

இனி அப்பாவை யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. சம்மதம் என்றால் ஒரு வரி போடுங்கள். போதும்.

வாலு

ஏப்ரல் 20

வாலுக்குட்டி,

அந்தக் காட்சியை அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். “ரொம்ப அழகா இருக்கு. யாரு இந்தம்மா?” என்றாள். அத்தையோடு ஒரே சமையலறையில் வருஷக்கணக்கில் மல்லுக்கு நின்றவள் கேட்கிறாள்!

அப்பா அப்படிக் கேட்கவே இல்லை. ஸ்டூடியோவில் ஒருத்தரும் கேட்கவில்லை. அப்பா வாசலில் தயாரிப்பாளரோடு பேசிக்கொண்டிருப்பார். உள்ளே அத்தை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெட்டிக்கொண்டிருப்பாள். எங்கே வெட்டுவது என்று அவள் யாரையும் கேட்டதில்லை. ஒரு டைரக்டர் வந்து, இந்த ஷாட் வேண்டும் என்று கெஞ்சினார். “வேணும்னா வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் மாட்டி வைங்க. படத்துக்கு வேண்டாம்” என்றாள்.

‘படத்தொகுப்பு’ என்று அப்பா பெயர் வரும் துண்டையும் அவள்தான் ஒட்டுவாள். ஒவ்வொரு படத்திலும் அதில் ஒரு முழம் குறைத்துவிடுவாள். அப்பா வந்து, “என் பேரு மட்டும் ஏன்க்கா இவ்வளவு சீக்கிரம் போயிடுது?” என்று கேட்பார். அத்தை தலை நிமிராமல், “படம் நீளம்டா” என்பாள். நான் வெளியே ஓடிப்போய்ச் சிரித்துவிட்டு வருவேன். இதை எழுதும்போது அழுகைதான் வருகிறது.

அந்தக் கண் கலங்குகிற காட்சியைக் கிழித்துப் போடு. நீ முதலில் எழுதியதுதான் சரி.

கட்டடத்துக்கு அத்தை பெயரையும் சேர்க்கச் சொல்லி கமிட்டித் தலைவரை நேரில் போய்ப் பார்த்தேன். மரியாதையாக உட்காரவைத்தார், காபி கொடுத்தார். “அப்படி ஒரு அம்மாவை யாருக்குமே தெரியாதே சார்” என்றார்.

திறப்பு விழா டிசம்பரில். அதற்குள் எழுதி முடி.

அண்ணன்