ஐந்து மணிச் சங்கு

5 ஜூன் 2023

மறுபடியும் அதே கதை. காலையில் படித்த இருபது கேள்வியில் பதினேழு சாயங்காலம் காணோம். தமிழ் தெரிந்தவர்களுக்கான கேரள அரசு கிளார்க் பரீட்சை ஆகஸ்டில். அடுத்த அறிவிப்பு வரும்போது எனக்கு வயது தாண்டியிருக்கும். இது போனால் என் வீட்டுக்காரர் பாஸ்கல் டிராக்டர் ஓட்ட, நான் தேயிலைக் கொழுந்தெடுக்க, மகள் சோனாவும் ஒருநாள் இதே மலையில்.

11 ஜூன்

அடிமாலி கோச்சிங் கிளாஸில் ஜிபி சார் ஹிப்னாடிசம் சொல்லித் தந்தார். பத்திலிருந்து பின்னோக்கி எண்ணி மனதை அடியில் இறக்கிவிட்டு, கண்ணைத் திறந்து படிக்க வேண்டுமாம். இறங்குவதற்கு ஓர் அடையாளம் வேண்டும், இரண்டு விரலைச் சேர்த்து அழுத்துங்கள் என்றார். "அது உங்க கையில இருக்கணும், அதுதான் முக்கியம்" என்று இரண்டு தடவை சொன்னார். எனக்குச் சிரிப்புதான். ஆனால் அங்கே படித்த பக்கம் பஸ்ஸில் வரும்போது ஒரு வரி விடாமல் ஞாபகம் வந்தது.

19 ஜூன்

வீட்டில் விரல் வேலை செய்யவில்லை. பக்கத்து லயத்து வீட்டு டிவி, சோனாவின் கூத்து. அப்போதுதான் தோன்றியது — பிறந்ததிலிருந்து ஃபேக்டரிச் சங்குக்குத்தானே எழுகிறேன், சாப்பிடுகிறேன், வேலை விடுகிறேன்? உடம்பு வேறு எதற்கு இப்படிக் கீழ்ப்படிகிறது? ஐந்து மணிச் சங்கு, நான் கால் கழுவிவிட்டு உட்காரும் நேரம். அதையே அடையாளமாக வைத்துக்கொண்டேன்.

2 ஜூலை

அப்படியே நிற்கிறது! ஆறு, அணை, சட்டப் பிரிவு எல்லாம். புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பாஸ்கல் கேட்டார், ஒன்றும் தப்பவில்லை. "ஏ, நீ கலெக்டராயிருவ போலயே!" என்றார். ஜிபி சாரிடம் சங்கைப் பற்றிச் சொல்லவில்லை. எதற்கு?

13 ஜூலை

மத்தியானச் சங்கு ஊதியது தெரியும். அடுத்து எனக்குத் தெரிந்தது, கூட வேலை செய்யும் அழகுத்தாய் அக்கா தோளை உலுக்கியது.

"ஏட்டி அன்னாளு, எம்புட்டு நேரமா கூப்பிடுதேன்! எல்லாரும் சோத்துக்குப் போயாச்சு. நீ என்னத்தையோ ஓதிக்கிட்டே வெட்டிக்கிட்டு நிக்க!"

கையில் கொழுந்து வெட்டும் கத்தரி திறந்தபடி. இடுப்பில் கட்டியிருந்த பிளாஸ்டிக் படங்கு ஒரு சாண் கிழிந்திருந்தது. கொஞ்சம் தள்ளியிருந்தால் தொடை. கர்த்தரே. ஐந்து மணிக்கும் மத்தியானத்துக்கும் ஒரே சத்தம்தானே, இது ஏன் எனக்குத் தோன்றாமல் போனது?

14 ஜூலை

நிறுத்த வேண்டும். ஆனால் பரீட்சைக்கு ஐந்தே வாரம். பகலில் காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறேன்.

22 ஜூலை

சாப்பாடு முடிந்து சோனாவைத் திரும்பக் கிரெஷ்ஷில் விடப் போனேன். பஞ்சை மறந்துவிட்டேன். ரோட்டைக் கடக்கும்போது ஒன்றரை மணிச் சங்கு. அப்புறம் — அப்புறம் நான் இல்லை.

கண் தெளிந்தபோது முழங்கால் எட்டும் தூரத்தில் ஒரு டூரிஸ்ட் ஜீப். டிரைவர் கத்துகிறான். நடுரோட்டில் நின்று படித்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேனாம். பிள்ளை என்னை இழுத்திருக்கிறாள், அடித்திருக்கிறாள், அழுதிருக்கிறாள். நான் அசையவில்லை. அவளும் என்னை விட்டுப் போகவில்லை. நாலு வயசு. நீயாவது ஓடியிருக்கலாமேட்டி, ஏன் ஓடல? என் பிள்ளைய நானே கொன்னிருப்பேனே. நானே.

24 ஜூலை

எல்லாவற்றையும் சொன்னதும் ஜிபி சார் முகம் வெளுத்துவிட்டது. "சங்கா? ஐயோ அன்னாள், அது உங்க கையிலயா இருக்கு?"

அந்த அடையாளத்தைப் போட்ட வழியிலேயே எடுக்க வேண்டுமாம். நாலு தடவை வரச் சொன்னார். அதுவரை சங்குச் சத்தம் கேட்காத இடத்தில் இருக்கச் சொன்னார். "படிச்சதும் கொஞ்சம் போகும், பேடிக்க வேண்டாம், பயம் வேண்டாம்." போகட்டும் என்றேன்.

30 ஜூலை

சாந்தன்பாறை, நாத்தனார் வீடு. ஏலக்காட்டில் சங்கு கிடையாது. வேலையை விட்டாயிற்று. சோனாவின் கையைப் பிடித்து நடக்க பயமாக இருக்கிறது. பாஸ்கல்தான் கூட்டிப் போகிறார்.

16 ஆகஸ்ட்

நாலாவது தடவையும் முடிந்தது. எடுத்தாயிற்று என்கிறார் சார். இன்னொரு சங்கைக் கேட்கும்வரை எப்படித் தெரியும்? கேட்கும்போது யார் பக்கத்தில் இருப்பார்கள்?

19 ஆகஸ்ட்

பரீட்சை எழுதினேன். பாதி தெரிந்தது. கொஞ்சம் ஊகம். மிச்சத்தை விட்டுவிட்டேன்.

3 பிப்ரவரி 2025

வாளையார் பக்கத்து ஆபீஸில் சேர்ந்து ஒரு வாரம். பட்டியலில் கடைசிக்குக் கொஞ்சம் மேலேதான் என் பெயர். ஆனாலும் வேலை வந்துவிட்டது.

சாயங்காலம் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். எங்கோ ஓர் ஆலையில் சங்கு ஊதியது. ஒன்றரை வருடமாக நான் பயந்துகொண்டிருந்த சத்தம். நெஞ்சு அடித்துக்கொண்டது, அவ்வளவுதான். கஞ்சிகூடச் சிந்தவில்லை. போய்விட்டது, நிஜமாகவே போய்விட்டது.

வாசலில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருந்த சோனா எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வந்தாள். என் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முகத்தையே பார்த்தாள்.

"அம்மா, எம் பேரு என்ன?"

சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்ன பிறகுதான் கையை விட்டாள்.