பின்பக்கப் படிக்கட்டு

12 ஜூன் 2004

அன்புள்ள அக்காவுக்கு,

திருப்புளி எழுதுவது. இங்கே நானும் சுகம், என் கருவிப் பெட்டியும் சுகம். அங்கே நீயும் அத்தானும் உன் பஸ்ஸும் எப்படி இருக்கிறீர்கள்?

நேற்று மால் திறந்தாகிவிட்டது. நீ ஊரை விட்டுப் போகும்போது மரக்கடை இருந்ததே, அதே இடம். மூன்று மாடி, நான்கு எஸ்கலேட்டர், இரண்டு லிஃப்ட். ஏறுவது இறங்குவது எல்லாம் என் பொறுப்பு. ஜனங்கள் எஸ்கலேட்டரைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். ஒரு வாத்தியார் முதல் படியில் காலை வைக்கிறார், எடுக்கிறார், வைக்கிறார், எடுக்கிறார். பின்னால் நாற்பது பேர். "சார், அது உங்களுக்காக நிக்காது, நீங்கதான் ஏறணும்" என்றேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். மேலே போனதும் அவர் இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்!

ஒரு விஷயம் கேள். லிஃப்டுக்குள்ளே பொத்தான்களுக்கு மேல் ஒரு கண்ணாடிச் சட்டம் இருக்கிறது. அதற்குள் ஓர் அட்டை. 'இம்மாதம் சோதிக்கப்பட்டது. பயணத்துக்கு ஏற்றது' என்று அச்சடித்திருக்கும். கீழே என் கையெழுத்து. மாதாமாதம் புது அட்டை. பத்தாம் வகுப்பில் இரண்டு தடவை கோட்டை விட்டவன் கையெழுத்தை இப்போது ஊரே அண்ணாந்து பார்க்கிறது.

அன்புத் தம்பி,
திருப்புளி

30 ஜூன் 2004

என் அருமைத் திருப்புளிக்கு,

கடிதத்தை அத்தானுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். வாத்தியார் கதைக்கு அவருக்குப் புரையேறிவிட்டது. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டத் தெரியாமல் கட்டிலுக்கு அடியில் ஒளிந்த பயல் இன்றைக்கு மூன்று மாடிக்கு ராஜா. எனக்கு எவ்வளவு பெருமை என்று எழுதத் தெரியவில்லை.

நானும் தினமும் காலையில் கையெழுத்துப் போடுகிறேன். பிரேக் சரி, டயர் சரி, வண்டி எடுக்கலாம் என்று டிப்போவில் ஒரு தாள். அதை எவரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. ஆனால் அறுபது பேர் அதன் மேல்தான் உட்கார்ந்து வருகிறார்கள். நீயும் நினைப்பில் வைத்துக்கொள். அவ்வளவுதான், பாடம் நடத்தவில்லை.

ஒழுங்காகச் சாப்பிடு. உனக்குப் பெண் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே.

அக்கா

5 மார்ச் 2009

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதி ஆறு மாதம் ஆகிவிட்டது, வையாதே. போனில் நான் 'ம்' கொட்டுவது மட்டும்தான் கேட்கிறது என்று நீ அலுத்துக்கொள்வதால் பேனாவை எடுத்தேன். வாலுவுக்கு மூன்று வயதில் இத்தனை வாயா? உன் மகள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

உன் தம்பி பெண்டாட்டி எங்கள் மூன்றாம் மாடியில் குழந்தைகள் துணிக்கடை போட்டுவிட்டாள். லிஃப்டுக்கு நேர் எதிரே. "லிஃப்டுல இருந்து வெளிய வந்தா என் கடைமேலதான் வந்து விழணும்" என்கிறாள். அவள் இவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

ஊரில் இப்போது மூன்று மால். எங்களுடையது, ரயில் நிலையத்துக்கு எதிரே ஒன்று, புறவழிச்சாலையில் ஒன்று. "இருக்கிறது ஒரு கைப்பிடி ஜனம், எத்தனை சட்டைதான் வாங்குவான்?" என்று எங்கள் காவலாளி கேட்கிறார். அவர் வாய்முகூர்த்தமோ என்னவோ, ரயில் நிலைய மாலைப் போன வாரம் பூட்டிவிட்டார்கள். வேடிக்கை பார்க்கப் போனேன். கண்ணாடிக் கதவில் சங்கிலி. உள்ளே விளக்கு எரிகிறது, பாட்டு ஓடுகிறது, ஆள் மட்டும் இல்லை. யாரோ நிறுத்த மறந்த எஸ்கலேட்டர் மேலே போய்க்கொண்டே இருந்தது. எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. வந்துவிட்டேன்.

திருப்புளி

18 ஆகஸ்ட் 2013

அன்புள்ள அக்காவுக்கு,

மால் பற்றி நீ கேட்பதும் நான் பேச்சை மாற்றுவதுமாக ஒரு வருஷம் ஓடிவிட்டது. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

எழுபது கடையில் பதினொன்று மிச்சம். புறவழிச்சாலை மாலும் பாதி காலி. எல்லோரும் வீட்டில் படுத்துக்கொண்டு போனிலேயே வாங்கிக்கொள்கிறார்கள். இரண்டாம் மாடியில் விளக்கே போடுவதில்லை. எஸ்கலேட்டர் நான்கும் நின்றுவிட்டன. நின்ற எஸ்கலேட்டரில் யாரும் நேராக ஏறுவதில்லை அக்கா. அது நகரும் என்று கால் நினைத்துக்கொள்கிறது. முதல் படியில் எல்லோரும் ஒரு தடுமாறு தடுமாறுகிறார்கள். நான் கீழே நின்று நாள் முழுக்க அதைத்தான் பார்க்கிறேன்.

பராமரிப்பு ஒப்பந்தத்தை முதலாளி புதுப்பிக்கவில்லை. அதனால் இரண்டாம் லிஃப்டை நிறுத்திவிட்டு, அதிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி முதல் லிஃப்டில் போடுகிறேன். போன மாதம் கதவு உருளை, இந்த மாதம் பிரேக் கட்டை. ஓடுகிறது. அட்டையில் கையெழுத்துப் போடும்போது மட்டும் பேனா கொஞ்சம் கனக்கிறது.

திருப்புளி

1 செப்டம்பர் 2013

என் திருப்புளிக்கு,

பேனா கனத்தால் கீழே வைத்துவிடு. கை உன்னுடையதுதானே?

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் என் வண்டியில் பிரேக் மிதி ஆழமாக இறங்கியது. எடுக்க மாட்டேன் என்றேன். "பொம்பளைக்கு இவ்ளோ பயம்னா எதுக்கு ஸ்டியரிங் பிடிக்க வந்த?" என்று மேற்பார்வையாளர் எல்லோர் முன்னாலும் கேட்டார். பத்து நாள் என்னை வீட்டில் உட்கார வைத்தார்கள். அதே வண்டியை வேறு ஒருவர் அன்றைக்கே எடுத்துப் போனார். ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் நடக்கவில்லை. டிப்போவே என்னைப் பார்த்துச் சிரித்தது. எனக்கு அந்தச் சிரிப்பு வலிக்கவில்லை, ஒன்றும் நடக்கவில்லையே என்பதுதான் பயமாக இருந்தது. ஒன்றும் நடக்காத ஒவ்வொரு நாளும் அவர்களுக்குத் துணிச்சல் ஏறிக்கொண்டே போனது.

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று முதலாளி போவார். அட்டையில் இருப்பது அவர் பெயர் இல்லை, உன் பெயர். போடாதே தம்பி. இனிமேல் போடாதே.

அக்கா

2 பிப்ரவரி 2014

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் சொல்லலாம் என்றால் இவள் பக்கத்திலேயே இருக்கிறாள். அதனால் எழுதுகிறேன்.

லிஃப்ட் ஒரு விரல்கடை தரைக்குக் கீழே போய் நிற்கிறது. தினமும் காலையில் மேலே மோட்டார் அறையில், பிரேக்குக்கு அடியில் அது தேய்ந்து உதிர்ந்த கறுப்புத் தூள் கிடக்கிறது. துடைக்கிறேன். மறுநாள் மறுபடியும் கிடக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. பெட்டி வேகம் மீறி இறங்கினால் தானே கவ்விப் பிடிக்க ஒரு பூட்டு உண்டு, கவர்னர் என்போம். அது தேய்ந்துபோய், சும்மா போகும்போதே கவ்வுகிறது. போன வாரம் ஒரே நாளில் ஆறு முறை நடுவில் நின்றது. உள்ளே மாட்டிக்கொண்ட ஒரு பெண் கதவைத் தட்டிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

முதலாளி கட்டடத்தை விற்கப் பார்க்கிறார். வாங்க வருகிறவர் கண்ணுக்குக் கூட்டம் தெரிய வேண்டுமாம். மார்ச் 16, ஞாயிற்றுக்கிழமை, மறுதிறப்பு விழா. மூன்றாம் மாடிக்கு வருகிற முதல் ஐந்நூறு பிள்ளைகளுக்குப் பொம்மை இலவசம். இவள் கடைக்கு இதுதான் கடைசி மூச்சு. புதுத் துணியெல்லாம் வாங்கி அடுக்கிவிட்டாள்.

உன் பேச்சைக் கேட்டு மேனேஜரிடம் நேராகவே சொல்லிவிட்டேன். "புதுச் சாமான் வராம நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்." அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஆர்டர் போடுவதாக ஒத்துக்கொண்டார். பிப்ரவரி அட்டை போடவில்லை. லிஃப்டையும் நேற்று நிறுத்திவிட்டேன். சந்தோஷமா?

திருப்புளி

20 பிப்ரவரி 2014

என் தங்கத் திருப்புளிக்கு,

சந்தோஷமாவா? கடிதத்தைப் பர்ஸில் வைத்துக்கொண்டு சுற்றுகிறேன். "என் தம்பி மாட்டேன்னு சொல்லிட்டான்" என்று கண்டக்டரிடமெல்லாம் சொல்லியாயிற்று. அவருக்கு எதை மாட்டேன் என்றாய் என்று கூடத் தெரியாது, பாவம்.

புதுச் சாமான் வந்து மாட்டினதும் அந்த அட்டையை என் கண்ணால் பார்க்க வேண்டும். லீவு வாங்கிவிட்டேன். 16ஆம் தேதி நான், அத்தான், வாலு மூவரும் வருகிறோம். வாலு வகுப்பில் எல்லோரிடமும் தம்பட்டம் அடித்துவிட்டாள், "எங்க மாமாவோட லிஃப்ட்ல மூணாவது மாடிக்குப் போகப்போறேன்" என்று. பொத்தானை அவள்தான் அழுத்துவாளாம். உன் பெண்டாட்டியிடம் சொல், கடையில் முதல் ஆள் நாங்கள்தான்.

அக்கா

4 மார்ச் 2014

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் வருகிறீர்கள் என்றதும் இவளுக்குத் தலைகால் புரியவில்லை. வாலுவுக்கு மஞ்சள் கவுன் ஒன்று எடுத்து, பெயர் எழுதித் தனியாக வைத்திருக்கிறாள்.

சாமான் வரவில்லை. மேனேஜர் ஆர்டரே போடவில்லை. "ஒரு நாள் கூத்துக்கு எவனாவது மீசையைச் சிரைப்பானா?" என்று கேட்கிறார். கவர்னர் கவ்வாதபடி கம்பி வைத்துக் கட்டிவிட்டேன். இப்போது லிஃப்ட் நடுவில் நிற்பதே இல்லை. மார்ச் அட்டையில் கையெழுத்தும் போட்டாயிற்று.

திட்டாதே அக்கா. லிஃப்ட் இல்லையென்றால் மூன்றாம் மாடிக்கு யார் ஏறுவார்கள்? இவள் உட்கார்ந்து ஒவ்வொரு துணியாக மடித்து அடுக்குகிறாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியாது. ஒரு நாள்தானே. மறுநாள் காலையில் நிறுத்திவிடுவேன், சத்தியம்.

ஒன்று மட்டும் செய். நீங்கள் லிஃப்ட் பக்கமே வர வேண்டாம். வண்டி நிறுத்துமிடத்தை ஒட்டிப் பின்பக்கம் ஒரு படிக்கட்டு இருக்கிறது, எழுபத்திரண்டு படி. அங்கே விளக்குப் போட்டு வைக்கிறேன். வாலு பொத்தானை அழுத்த வேண்டும் என்று அடம் பிடிப்பாள். கையை விட்டுவிடாதே. கும்பல் லிஃப்டில் போகட்டும், நீங்கள் படியிலேயே வாருங்கள். அத்தான் கேட்டால் உடம்புக்கு நல்லது என்று சொல்லிவிடு.

திருப்புளி

11 மார்ச் 2014

தம்பிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. டிப்போவில் வைத்துப் படித்தேன். இரண்டு நடை ஓட்டிவிட்டு வந்து மறுபடி படித்தேன். எழுத்து உன்னுடையதுதான். நான்கு தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை.

உங்கள் ஊர் லிஃப்ட் ஆய்வாளர் அலுவலகத்தில் போனில் பேசினேன். யார் சொன்னது என்று நீ அலைய வேண்டாம், நான்தான். "எழுதிக் குடுங்கம்மா, திங்கக்கிழமை ஆள் அனுப்புறோம்" என்றார் ஒருவர். விழா ஞாயிற்றுக்கிழமை என்றேன். "ஞாயிறு எங்களுக்கு லீவுங்களே" என்றார். மேனேஜர் என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார். ஆக, மிச்சம் நீயும் நானும்தான்.

நீ தெரியாமல் போட்டிருந்தால் உன்னைக் கட்டிப்பிடித்து அழுதிருப்பேன். பயந்து போட்டிருந்தாலும் மன்னித்திருப்பேன். எங்களைப் படியில் வரச் சொன்னாயே, அதில்தான் எனக்கு உயிரே போய்விட்டது. உனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. ஐந்நூறு பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒரு பிள்ளைக்கு மட்டும் படிக்கட்டைக் காட்டியிருக்கிறாய். மற்றப் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு யார் கடிதம் எழுதுவது? அவர்களுக்கு நீ எழுதியது அந்த அட்டை மட்டும்தான்.

வாலுவிடம் பயணம் இல்லை என்று சொல்லிவிட்டேன். அழுது தூங்கிவிட்டாள். அத்தானும் வரவில்லை. மஞ்சள் கவுனை யாருக்காவது கொடுத்துவிடச் சொல். உன் பெண்டாட்டியிடம் எனக்குக் கோபம் இல்லை, அவளுக்கு நீ எதையும் சொல்லியிருக்க மாட்டாய்.

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை உன் கையில் சேர்ந்துவிடும் என்கிறார்கள். லிஃப்டை நிறுத்த உனக்கு இரண்டு நாள் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நான் தனியாக வருகிறேன். பின்பக்கம் வரமாட்டேன். கதவு திறந்ததும் கும்பலோடு கும்பலாக முன்பக்கம் வருவேன். லிஃப்ட் ஓடினால் முதல் ஆளாக ஏறுவேன். மேலே போவேன், கீழே வருவேன், கடைசிப் பிள்ளை போய்ச் சேரும்வரை வெளியே வரமாட்டேன். நீ அதை மேலே அனுப்புகிற ஒவ்வொரு தடவையும் நான் உள்ளே இருப்பேன்.

அக்கா