ஒன்பதாம் விதி

அன்பு மகளுக்கு, ஏழாம் மாடியிலிருந்து அப்பா எழுதுவது.

முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நன்றாக இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். போனில் பேசலாமே என்பாய். பேசினால் நான் கத்துவேன், கத்தினால் நீ வைத்துவிடுவாய். கடிதத்தைப் பாதியில் மடித்தாலும் மீதி உள்ளேயே இருக்கும்.

நேற்றுக் காலை பத்து மணிக்கு விசில் வீட்டுக்கு வந்தார். நம் குடியிருப்புச் சங்கத் தலைவரைத்தான் சொல்கிறேன். பள்ளியில் விளையாட்டு வாத்தியாராக இருந்தவர், இன்றும் கழுத்தில் விசில் இல்லாமல் கீழே நிற்கமாட்டார். நான்கு மாதமாக முடக்கி வைத்திருந்த என் லிஃப்ட் கார்டை மேஜைமேல் வைத்து, "எடுத்துக்குங்க பெரியவரே, இனிமே வேலை செய்யும்" என்றார். எதற்கு இந்தத் திடீர் தயவு என்று கேட்டேன். ஒரு தாளை நீட்டினார். 'இப்போதுள்ள நிர்வாகமே தொடரச் சம்மதிக்கிறேன்' என்ற வரிக்குக் கீழே உன் கையெழுத்து. "பொண்ணு விவரமானவங்க. அப்பா மேல எவ்வளவு பாசம் பாருங்க" என்று வேறு சொன்னார். வீட்டுக்கு வந்தவராயிற்றே என்று ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "பாத்தீங்களா, தண்ணி வருதுல்ல?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நீ ஏன் போட்டாய் என்பது எனக்குத் தெரியும். எதில் போட்டாய் என்பது உனக்குத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ இந்த வீட்டை வாங்கி என்னைக் குடிவைத்துவிட்டுப் போன புதிதில் இங்கே ஆளாளுக்கு ஒரு மோட்டார். கீழ் மாடிக்காரர்கள் உறிஞ்சியது போக மேலே எங்கள் குழாயில் காற்றுதான் வரும். யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோரும் குளித்துவிட்டு வேலைக்குப் போக வேண்டியவர்கள்தான். பிறகு நாற்பத்தெட்டு வீடும் கூடிப் பேசினோம். மூன்று மணி நேரத்தில் கேட்டுக்கு என்ன பெயின்ட் என்பதுகூட முடிவாகவில்லை. பிறகு ஐந்து பேர் குழு. அந்த ஐந்து பேர் வீட்டுக்கு மட்டும் ஒழுங்காகத் தண்ணீர் வந்தது.

அப்போதுதான் நான் மூன்று மாதம் நூலகத்தில் போய் உட்கார்ந்தேன். ராஜா ஆண்டது, நாலு பேர் சேர்ந்து ஆண்டது, எல்லோரும் ஓட்டுப் போட்டு ஆண்டது எல்லாவற்றையும் படித்தேன். புரியாததை இரண்டு தரம் படித்தேன். பதினெட்டு விதிகள் எழுதினேன். "பாய்லர்காரர் நாட்டுக்கே சட்டம் எழுதுறாரு" என்று சிரித்தார்கள். சிரித்தவர்களே கை தூக்கி நிறைவேற்றினார்கள். வருடத்துக்கு ஒரு தேர்தல், மாதத்துக்கு ஒரு கூட்டம், தலைவரை யாரும் எழுந்து கேள்வி கேட்கலாம். இரண்டு வருடம் ஏழாம் மாடிக்கும் தண்ணீர் வந்தது.

அந்தப் பதினெட்டில் ஒன்பதாவதும் நான் எழுதியதுதான். 'தண்ணீர் நெருக்கடிக் காலத்தில், நெருக்கடி தீரும்வரை, தலைவர் கூட்டமும் தேர்தலும் இன்றித் தாமே முடிவெடுக்கலாம்.' தீர்ந்தது என்று யார் சொல்ல வேண்டும் என்பதை எழுதவில்லை.

முப்பத்தொரு வருடம் பாய்லர் ஓட்டியவன் நான். ஒவ்வொரு பாய்லரிலும் பாதுகாப்பு வால்வு உண்டு. அழுத்தம் ஏறினால் அது தானாகத் திறக்க வேண்டும். அது திறக்கும் அளவை யாரும் மாற்றாதபடி ஒரு பூட்டுப் போட்டு, சாவியைப் பாய்லர் இன்ஸ்பெக்டர் எடுத்துக்கொண்டு போய்விடுவார். என்னிடம் தரமாட்டார். எனக்கு அப்போது அது அவமானமாக இருந்தது. அடுப்பெரிக்கிறவன் கையில் அந்தச் சாவி இருக்கக்கூடாது என்று பிறகுதான் புரிந்தது. இவ்வளவு தெரிந்தவன், விதி எழுதும்போது சாவியை அடுப்பெரிக்கிறவனிடமே கொடுத்துவிட்டேன்.

பெரிய குழாய் உடைந்தபோது விசில் நன்றாகத்தான் வேலை செய்தார். இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். லாரித் தண்ணீரை அவரே வரிசை நிறுத்திப் பிரித்தார். வயதானவர்களுக்கு முதல் வாளி. குழாய் இரண்டே மாதத்தில் சரியாகிவிட்டது. இப்போது ஒன்றரை வருடம் ஆகிறது. தினமும் காலையில் தொட்டி நிரம்பி, என் சமையலறை ஜன்னலை ஒட்டிய குழாய் வழியாக வழிந்து கொட்டுகிறது. ஆனால் நெருக்கடி தீரவில்லையாம். கூட்டமும் இல்லை, தேர்தலும் இல்லை. லிஃப்டுக்குக் கார்டு வந்ததும் அந்த நெருக்கடியில்தான்.

'தொட்டி வழிகிறது. நெருக்கடி எங்கே?' என்று எழுதிக் கீழே ஒட்டினேன். மறுநாள் என் கார்டு வேலை செய்யவில்லை.

நூற்று இருபத்தாறு படி. நான்கு மாதத்தில் இரண்டு முறை இறங்கினேன். இரண்டாம் முறை ஏறும்போது நான்காம் மாடியில் உட்கார்ந்தவனுக்கு எழுந்திருக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. இப்போது பால்கனியிலிருந்து கயிற்றில் வாளி இறக்குகிறேன். மூன்றாம் மாடித் தையல்காரம்மா அதில் காய்கறியும் மாத்திரையும் வைப்பாள். "சிறைக்கு சாப்பாடு வந்திருச்சு" என்று கீழிருந்து கத்துவாள். அந்தப் பேச்சைக் கேட்கவே சில நாள் சும்மாவும் வாளியை இறக்குவேன். கட்டடத்தின் அழகு கெடுகிறது என்று போன வாரம் அதற்கும் ஒரு சுற்றறிக்கை.

கூட்டம் கேட்டு நான் ஒரு தாள் எழுதியபோது, முதலில் அவளும் என் பக்கம் இல்லை. "தண்ணி வருதுல்ல, யாரு தலைவரா இருந்தா நமக்கென்ன?" என்றாள். நாளைக்கு வராவிட்டால் யாரிடம் போய்க் கேட்பாய் என்றேன். இரண்டு நாள் கழித்து, "அந்தத் தாளைக் குடுங்க" என்று வந்தாள்.

இருபத்தைந்து வீட்டு உரிமையாளர்கள் எழுதிக் கேட்டால், நெருக்கடியானாலும் கூட்டம் கூட்டியே ஆக வேண்டும். அது பதினைந்தாம் விதி. அவள் படி ஏறி இறங்கி இருபத்து நான்கு கையெழுத்து வாங்கிவிட்டாள். மீதிப் பேர் கார்டு முடங்கிவிடும் என்று பயப்படுகிறார்கள். இருபத்தைந்தாவது நம் வீடுதான். உரிமையாளர் நீ, நான் இல்லை. குடியிருப்பவர் கையெழுத்து செல்லாது என்று எழுதியதும் நான்தான். உன் அம்மா இருந்திருந்தால், "உங்க சட்டத்தை நீங்களே மென்னு முழுங்குங்க" என்றிருப்பாள்.

அதற்காகத்தான் போன மாதம் உனக்கு அந்தத் தாளை அனுப்பினேன். நீ அவருடைய தாளில் போட்டுவிட்டாய். இரண்டாம் மாடிக்காரர் தன் கையெழுத்தை அடித்துவிடலாமா என்று கேட்கத் தொடங்கிவிட்டார். அதிக நாள் தாங்காது.

இத்துடன் மறுபடியும் ஒரு தாள் வைத்திருக்கிறேன். முன்னே கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று மேலே ஒரு வரி, கூட்டம் கூட்ட வேண்டும் என்று அடுத்த வரி, கீழே உன் கையெழுத்து. போட்டால் என் கார்டு மறுபடியும் முடங்கிவிடுமே என்று யோசிப்பாய். இன்று காலை அந்தக் கார்டை வாளியில் வைத்து இறக்கி, விசிலிடமே கொடுக்கச் சொல்லிவிட்டேன். ஒரு தரம்கூட அதில் இறங்கவில்லை. ஆகவே எனக்காகப் பயப்பட இனி ஒன்றும் மீதி இல்லை.

பேத்திக்குப் பல் முளைத்துவிட்டதா? உடம்பைப் பார்த்துக்கொள். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்தது, இப்போது இல்லை. நீயும் உன் வீடும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

தாளைத் தபாலில் அனுப்பினாலும் போதும். நேரில் கொண்டு வருவதானால், எந்த நாள், எத்தனை மணி என்று முன்னாலேயே எழுது. வாசலுக்கு வந்து நிற்க நான் இரண்டு மணி நேரம் முன்பே இறங்கத் தொடங்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா