பந்துக்கு வானத்தில் என்ன வேலை

பாய்,

இன்று காலை பந்து வேர்த்துவிட்டது.

எங்கள் வீட்டு பீரோ மேல் இருக்கிறதே, அந்தப் பழைய கால்பந்துதான். கடைசியாக நீங்கள் பிடித்து வைத்துக்கொண்டு, பிறகு மனம் இரங்கித் திருப்பிக் கொடுத்தது. அதன் தையல் இடுக்குகளில் உங்கள் உப்பளத்து உப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. நான் துடைத்துப் பார்த்தேன், என் மனைவி சோப்புப் போட்டுக் கழுவியும் பார்த்தாள், போகவில்லை. மழை வரப்போகிறது என்றால் அந்த உப்பு நீர் கோத்துக்கொண்டு பீரோ ஓரமாகச் சொட்டத் தொடங்கும். "உங்க பாய் குடுத்த பந்து இன்னைக்கும் என் புடவைய நனைச்சிடுச்சு" என்று அவள் குரல் கொடுத்தால் அன்று சாயங்காலம் மழை நிச்சயம்.

முன்பெல்லாம் உடனே உங்களுக்குப் போன் அடிப்பேன். செல்போனில் காட்டும் வானிலையை நீங்கள் நம்பியதே இல்லை. "அவன் மெட்ராஸ்ல உக்காந்துகினு சொல்றான் மாஸ்டர், பந்து நம்ம ஊர்ல உக்காந்திருக்குது" என்பீர்கள். உப்புக் குவியலுக்குத் தார்ப்பாய் போடச் சொல்லி நீங்கள் ஆட்களை விரட்டும் சத்தம் போனிலேயே கேட்கும். இன்று காலையும் பழக்கதோஷத்தில் போனை எடுத்து 'உப்பு பாய்' என்ற பெயர் வரைக்கும் போய்விட்டேன். அப்புறம்தான் உறைத்தது. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

நாம் நண்பர்களாக ஆனதே ஊருக்கு ஓர் ஆச்சரியம். நான் மரக்காணம் பள்ளிக்கு உடற்கல்வி ஆசிரியராக மாற்றலாகி வந்த புதிதில், ஊரிலேயே என்னை அதிகம் திட்டிய ஆள் நீங்கள். நீங்கள் வளைகுடாவில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வந்து, எங்கள் விளையாட்டு மைதானத்தை ஒட்டிய உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தீர்கள். தினமும் கோட்டக்குப்பத்திலிருந்து மொபெட்டில் வருவீர்கள். மைதானத்துக்கும் உங்கள் பாத்திகளுக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு வரப்பு. மத்தியானம் தாண்டினால் கடல்காற்று கிழக்கேயிருந்து அடிக்கும். எங்கள் பையன்களுக்கோ கால்பந்து என்றால் ஒரே அர்த்தம்தான், கண்ணை மூடிக்கொண்டு வானத்தைப் பார்த்து உதைப்பது. மிச்ச வேலையைக் காற்று பார்த்துக்கொள்ளும். பந்து நேராக உங்கள் பாத்தியில் போய் விழும்.

பந்து விழுந்தால்கூடப் பரவாயில்லை. அதை எடுக்க நாலு பேர் இறங்கி ஓடுவார்கள். பூத்து வரும் உப்பின் மேல் எட்டுக் கால்கள் பட்டால் அடியிலிருக்கும் சேறு கிளம்பி உப்போடு கலந்துவிடும். அந்த உப்பை எந்த வியாபாரியும் தொடமாட்டான். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. நீங்கள் பிடித்து வைத்த பந்துகளையெல்லாம் ஒரு கிழிந்த மீன்வலையில் போட்டு, கொட்டகை வாசலில் திருஷ்டிப் பூசணி மாதிரி தொங்கவிட்டிருந்தது மட்டும் தெரியும். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறெரியும்.

அன்றைய எங்கள் அணியைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? எங்களோடு ஆடும்போது எதிரணி கோல்கீப்பர் கம்பத்தில் சாய்ந்துகொண்டு வேர்க்கடலை தின்பான். ஒரு முறை எங்கள் பையன் ஒருவன் ஆட்டத்தின் நடுவே அவனிடம் போய்க் கொஞ்சம் கடலை வாங்கிக்கொண்டு வந்தான். கோல் போட முடியாவிட்டால் கடலையாவது கிடைத்ததே என்று நினைத்தானோ என்னவோ.

பந்துகளை மீட்க ஒருநாள் நான் புது ஷூவோடு உங்கள் வரப்பில் ஏறினேன். நடுவழியில் வழுக்கியது. இரண்டு காலும் பாத்தியில். முழங்கால் வரை சேறு, சுற்றிலும் முந்தின வாரம் முழுக்க வெயிலில் காய்ந்து விளைந்த உப்பு. நீங்கள் கோபப்படுவீர்கள் என்று நினைத்தேன். நீங்களோ என் காலடித் தடத்தையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பசங்கள சொல்லி என்னா பண்றது" என்றீர்கள். அதற்கு நீங்கள் என்னை அறைந்திருக்கலாம்.

மறுநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தலைமை ஆசிரியை அறைக்கு வந்தீர்கள். கையில் ஒரு எவர்சில்வர் கிண்ணம், அதில் சேறு கலந்த உப்பு. மேடத்தின் மேசை மேல் அதை வைத்துவிட்டு ஓரமாக நின்றீர்கள். மேடம் கிண்ணத்தைப் பார்த்தார், என் ஷூவைப் பார்த்தார். இனிமேல் ஒரே ஒரு பந்து அந்த உப்பளத்தில் விழுந்தாலும் பள்ளியில் கால்பந்து கிடையாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அப்புறம் என்னை ஆறுதல்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, "கேரம் நல்ல கேம் சார். காய் வெளிய போனாலும் பெஞ்சுக்கு அடியிலதான் கெடக்கும்" என்றார்.

நான் அந்த வயதில் கால்பந்தைத் தவிர வேறொன்றும் அறியாதவன். கேரம் வாத்தியாராக ஓய்வு பெற எனக்கு மனமில்லை. பையன்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு சட்டம் போட்டேன். பந்து யாருடைய முழங்காலுக்கும் மேலே எழும்பக் கூடாது. எழுப்பியவன் அன்றைக்கு வேப்பமரத்தடியில். முதல் வாரம் வேப்பமரத்தடியில்தான் முக்கால்வாசி அணி இருந்தது.

உங்களுக்கு என் சட்டத்தின் மேல் நம்பிக்கை இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியைக் கொட்டகையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து வரப்பின் மேல் போட்டு, மைதானத்தைப் பார்த்து உட்கார்ந்துவிட்டீர்கள். பந்து ஒரு முழம் எழும்பினால் போதும், அங்கிருந்து குரல் வரும்.

"டேய், பந்துக்கு வானத்துல என்னா வேல?"

கடல்காற்றை எதிர்த்துக்கொண்டு அந்தக் குரல் மைதானத்தின் மறுகோடி வரை போகும். என் விசிலுக்குக்கூட அந்த மரியாதை கிடைத்ததில்லை. பையன்கள் பயந்துபோய்ப் பந்தைத் தரையோடு தரையாக, பக்கத்தில் நிற்பவன் காலுக்கு உருட்டினார்கள். அவன் அடுத்தவனுக்கு. அவன் இன்னொருவனுக்கு. எல்லாம் உப்புக்குப் பயந்து செய்ததுதான். நான் ஏதோ திட்டம் போட்டுச் செய்ததாகப் பின்னாளில் பேசியவர்களிடம் நானும் மறுத்துச் சொல்லவில்லை என்பது வேறு விஷயம்.

கொஞ்ச நாளில் உங்கள் திட்டுகள் மாறத் தொடங்கின. "அங்க ஒருத்தன் சும்மா நிக்கிறான் பாரு, அவங்கிட்ட குடுக்க உனக்கு என்னா கேடு?" என்று கேட்டீர்கள். அதற்கும் உப்புக்கும் சம்பந்தமில்லையே என்று நான் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் சட்டென்று பாத்தியைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். விளையாட்டின் விதி ஒன்றுகூட உங்களுக்குத் தெரியாது. கோல்கீப்பர் மட்டும் கையால் பிடிப்பதைப் பார்த்துவிட்டு, "அவன் என்னா மேடத்துக்குச் சொந்தமா?" என்று என்னிடம் விசாரித்தீர்களே, நினைவிருக்கிறதா? ஆஃப்சைடை விளக்க நான் எடுத்த முயற்சியைப் பாதியிலேயே நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்தீர்கள்.

அந்த ஆண்டு குறுவட்டப் போட்டி வானூரில் நடந்தது. "எனக்கு அங்க ஆபீஸ்ல ஒரு வேல இருக்குது" என்று சொல்லிவிட்டு நீங்களும் வந்தீர்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. எந்த ஆபீஸ் திறந்திருந்தது என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

அங்கேதான் நம் பையன்களின் மானம் போக இருந்தது. வானூர் மைதானத்தில் நாலு பக்கமும் சுண்ணாம்பால் பளிச்சென்று வெள்ளைக் கோடு போட்டிருந்தார்கள். நம் மைதானத்தில் கோடாவது ஒன்றாவது, வரப்புதான் எல்லை, அதற்கப்பால் வெள்ளையாக இருப்பது உங்கள் உப்பு. ஓடி வருகிற பையன் வெள்ளையைக் கண்டதும் ஒரு முழம் முன்னாலேயே பிரேக் போட்டு நின்றுவிட்டான். பந்து கோட்டின் மேலேயே உருண்டுகொண்டிருக்கிறது, ஆட்டத்தில்தான் இருக்கிறது, எதிரணிக்காரன் சாவகாசமாக வந்து எடுத்துக்கொண்டு போகிறான். நம் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறார்கள். அப்படி ஒருமுறை எடுத்துக்கொண்டு போனவன் நேராகப் போய் கோலும் போட்டுவிட்டான். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நடுவர் என்னிடம் வந்து, பசங்களுக்கு ஏதாவது வேண்டுதலா என்று கேட்டார்.

அப்போதுதான் பின்னாலிருந்து உங்கள் குரல் கேட்டது.

"டேய், அது சுண்ணாம்புடா! உப்பு இல்ல! மிதிங்கடா!"

பதினொரு பேரும் ஒரே நேரத்தில் உங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். வருஷம் முழுக்க மிதிக்காதே என்று கத்திய வாய் மிதி என்கிறது. முன்வரிசையில் ஆடியவன் சந்தேகத்தோடு ஒரு காலை மட்டும் கோட்டின் மேல் வைத்துப் பார்த்தான். ஒன்றும் ஆகவில்லை. அதற்கப்புறம் அவர்களைப் பிடிக்க ஆளில்லை. எதிரணி பந்தை மேலே மேலே அடித்தது, பந்து கீழே வருகிற வரை நம் ஆட்கள் காத்திருந்தார்கள். வந்ததும் தரையோடு கொண்டு போனார்கள். இரண்டு கோலும் எலுமிச்சம்பழம் உருள்கிற மாதிரி உருண்டுதான் உள்ளே போயின. கடலை தின்றுகொண்டிருந்த கோல்கீப்பர் பொட்டலத்தைக் கீழே வைப்பதற்குள் முதலாவது போய்விட்டது.

திரும்பி வரும் வழியில் நீங்கள் மொபெட்டை நிறுத்தி எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தீர்கள். "ஜெயிச்சதுக்கு இல்ல. எம் பாத்தில ஒரு பந்தும் விழலை, அதுக்கு" என்றீர்கள்.

அதன் பிறகு நாம் தோற்றது அபூர்வம். அடுத்தடுத்த ஆண்டுகளில் மாவட்டம் வரை போனோம், கோப்பைகளை வைக்க மேடம் தன் அறையில் அலமாரியைக் காலி செய்தார். வேறு பள்ளி ஆசிரியர்கள் எங்கள் பயிற்சியைப் பார்க்க வந்து, யார் உங்கள் கோச் என்று கேட்பார்கள். பையன்கள் வரப்பைக் காட்டுவார்கள். நீங்கள் பனியனும் கைலியுமாக நாற்காலியில் உட்கார்ந்து யாரையாவது திட்டிக்கொண்டிருப்பீர்கள். ஆண்டு விழாவில் மேடம் உங்களுக்குப் பொன்னாடை போர்த்தி, உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று பேசினார். மைக்கை வாங்கி, "நெனைக்கவெல்லாம் வேணாம் மேடம், மிதிக்காம இருந்தா போதும்" என்று சொல்லிவிட்டு இறங்கினீர்கள். அடுத்த மழைக்கு அந்தப் பொன்னாடை உங்கள் உப்புக் குவியலின் மேல் கிடந்ததை நான் பார்த்தேன். மேடத்திடம் சொல்லவில்லை.

ஆனால் உங்களை நான் முழுசாகப் புரிந்துகொண்டது வலை விவகாரத்தில்தான். துபாயிலிருந்து வந்த பழைய மாணவன் ஒருவன், மைதானத்துக்கும் உப்பளத்துக்கும் நடுவே உயரமாக வலை கட்டித் தருவதாகச் சொன்னான். மேடத்துக்குத் தலைகால் புரியவில்லை. நீங்கள் பல வருஷமாகக் கேட்டது இதைத்தானே என்று நானே வந்து உங்களிடம் சொன்னேன். மறுநாள் நீங்கள் அதே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மேடம் அறைக்கு வந்தீர்கள்.

"வல வேணாம் மேடம். வல இருக்குதுன்னா பந்து மேல போவும். பந்து மேல போனா டீமு கீழ வந்துடும்."

உங்கள் உப்புக்காகத்தானே வலை கட்டுகிறோம், பாய், என்று மேடம் கேட்டார். "எம் உப்ப நான் பாத்துக்கறேன்" என்றீர்கள். ஒவ்வொரு சீசனும் வெயிலில் வெந்து விளைவித்த உப்பைப் பையன்களின் கால்களுக்கு எதிரே காவலில்லாமல் வைத்துவிட்டு, மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டீர்கள். மேடம் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன், வேறு எங்கே பார்ப்பது?

எனக்கு உங்களை ரொம்பப் பிடிக்கும் பாய். இதை உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால், வெயிலில் சுற்றாதீர்கள் மாஸ்டர், மண்டை குழம்பிவிடும் என்றிருப்பீர்கள். அதனால் சொல்லவில்லை. நெஞ்சு வலி என்று உங்களைப் பாண்டிச்சேரிக்குக் கொண்டு போனார்கள் என்று கேட்டுக் கிளம்பி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கோட்டக்குப்பம் தெருவில் பையன்கள் ஜெர்சியோடு வந்து நின்றார்கள். மாற்றிக்கொண்டு வர நேரமில்லை.

நீங்கள் போன பிறகு ஒருநாள், புதிதாகச் சேர்ந்த ஆறாம் வகுப்புக்காரன் ஒருவன் பந்தைத் தூக்கி அடித்துவிட்டான். காற்று அதைக் கொண்டு போய் உங்கள் பாத்தியின் நட்டநடுவில் போட்டது. பெரிய பையன்கள் எல்லோரும் ஓடிப்போய் வரப்பில் வரிசையாக நின்றார்கள். ஒருவனும் இறங்கவில்லை. எல்லோரும் உங்கள் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். திட்டு விழட்டும் என்று காத்திருந்தார்கள் பாய். திட்டு விழாமல் அந்த இடத்தை விட்டு நகர அவர்களுக்குத் தெரியவில்லை. என்னால் தாங்க முடியவில்லை. விசிலைக் கீழே விட்டுவிட்டு, இருக்கிற தொண்டையெல்லாம் திரட்டிக் கத்தினேன், பந்துக்கு வானத்தில் என்ன வேலை என்று. பாதியிலேயே குரல் உடைந்துவிட்டது. ஆனாலும் பையன்கள் தலையைக் குனிந்துகொண்டு மைதானத்துக்குத் திரும்பிப் போனார்கள்.

உங்கள் மகன் உப்பு வாரும் பலகையை நீட்டிப் பந்தை வரப்போரம் இழுத்துக் கொடுத்தான். சவுதி வேலையை விட்டுவிட்டு இப்போது அவன்தான் அளத்தைப் பார்த்துக்கொள்கிறான். நல்ல பையன், உங்கள் கோபத்தில் கால்வாசிகூட இல்லை. வலை கட்டிவிடலாமா என்று அவனிடம் நானே கேட்டேன். "அத்தா வேணான்னுதான சொன்னாரு" என்றான்.

இன்று காலை கட்டிலில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. பீரோவிலிருந்து சொட்டுவது நிற்கவில்லை. கடைசியில் உங்கள் எண்ணையே அழுத்தினேன். மகன் எடுத்தான், உங்கள் போன் இப்போது அவனிடம்தான் இருக்கிறது. தார்ப்பாய் போட்டுவிடப்பா, மழை வருகிறது என்றேன். வானம் வெளேரென்று இருக்கிறதே மாஸ்டர், போனில்கூட மழை இல்லை என்றுதான் காட்டுகிறது என்றான். பந்து வேர்க்கிறது என்றேன். அப்புறம் ஆட்களை விரட்டும் சத்தம் போனில் கேட்டது.

சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் மேற்கே கறுத்து, கொட்டித் தீர்த்துவிட்டது. மழை விட்டதும் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு அளத்துக்குப் போய்த் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். உங்கள் உப்பு நனையவில்லை, பாய்.