‘வாரேன்’ என்று ஒரு பதில்

இன்று காலை யாரோ குற்றால அருவிப் படத்தின் மேல் ‘இனிய காலை வணக்கம்’ என்று எழுதி எனக்கு அனுப்பியிருந்தார்கள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். ஆறு மாதமாகியும் இந்த மாதிரிப் படத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

நீ தொடங்கிய ரத்ததான வாட்ஸப் குழுவில் முப்பத்திரண்டு பேர்தான் இருந்தார்கள். ஒருவரைச் சேர்க்குமுன் ஸ்கூட்டியில் போய் முகத்தைப் பார்த்துப் பேசிவிட்டு வருவாய். அச்சன்புதூருக்கும் செங்கோட்டைக்கும் உன் பின்னால் உட்கார்ந்து வந்து நான் அலுத்துக்கொள்வேன். குழுவுக்கு ஒரே விதி. ரத்தம் வேண்டுமென்று போட்டால், வருகிறவர் ‘வாரேன்’ என்று ஒரு சொல் எழுத வேண்டும். மற்றவர்கள் பேசக் கூடாது. பாவூர்சத்திரம் டெம்போ அண்ணாச்சி அப்படி எழுதிவிட்டு, லோடு இறக்கின சட்டையோடு ஆஸ்பத்திரியில் வந்து நிற்பார்.

எனக்குத்தான் ஆசை. ஆள் கூடினால் நல்லதுதானே என்று சொந்தக்காரர்கள் குரூப், காலேஜ் குரூப் எல்லாவற்றிலும் லிங்கைப் போட்டேன். ஆயிரத்தை நெருங்கியது. “கூட்டம் கூடிட்டு, சரி. கூப்பிட்டா யாருட்டி வருவா?” என்று கேட்டாய். உனக்குப் பொறாமை என்று கேலி செய்தேன். நீயும் சிரித்துவிட்டு விட்டுவிட்டாய். ஏன் விட்டாய்? என் கன்னத்தில் ஒன்று வைத்திருக்கலாமே. பிறகு காலை வணக்கமும் ராசிபலனுமாகக் கொட்டின. பழைய ஆட்களில் பாதிப்பேர் வெளியேறினார்கள், மீதிப்பேர் குழுவைத் திறந்து பார்ப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

அன்றைக்கு உனக்கே வேண்டியிருந்தது. கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தப்போக்கு நிற்கவில்லை. உன்னுடைய ஓ நெகட்டிவ் எங்கேயும் கையிருப்பில்லை. குழுவில் போட்டேன். கும்பிடுகிற கைகளாக வந்து விழுந்தன. நடுவே ஒருவர் ‘வாரேன்’ என்று எழுதினார். எனக்கு உயிர் வந்தது. வேறு யாரையும் கூப்பிடாமல் ஒன்றரை மணி நேரம் ஆஸ்பத்திரி வாசலிலும் உன் அறையிலுமாக அலைந்தேன்.

பொறுக்க முடியாமல் அந்த எண்ணுக்கு அடித்தேன். “மெசேஜ் ரொம்ப வருதுன்னு குரூப்ப விட்டுப் போயிட்டேம்மா. சொல்லாமப் போகக் கூடாதுல்லா, அதான் வாரேன்னு போட்டேன்” என்றார். நம்மூரில் விடைபெறுகிறவரும் அதையேதான் சொல்வார். அது எனக்கு ஏன் தோன்றவில்லை?

பிறகுதான் டெம்போ அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். அவரும் ஓ நெகட்டிவ்தான். இருபது நிமிடத்தில் வந்துவிட்டார். அதற்குள் நீ போய்விட்டாய். “மொதல்லயே ஒரு போன் அடிச்சிருக்கலாம்லா” என்று மட்டும் சொன்னார்.

இப்போது ஒவ்வொருவரையும் நேரில் போய்ப் பார்க்கிறேன். பார்க்க முடியாதவர்களை நீக்குகிறேன். நீயே இல்லாத பிறகு இது எதற்கு என்று பாதி வழியில் வண்டியை நிறுத்தி அழுகிறேன்.

யாரிடமும் சொல்லாதது ஒன்று உண்டு. உன்னை ஸ்ட்ரெச்சரில் மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோகும்போது, ஒருத்தர் வருகிறார் என்று உன் காதில் சொன்னேன். நீ கண்ணைத் திறந்து, “யாருட்டி? நீ பாத்திருக்கியா?” என்று கேட்டாய்.

பார்த்திருக்கிறேன் என்று சொன்னேன்.