டீ நேரத்தில் ஏறிய டியூன்

அப்பாவுக்கு வணக்கம். கால் வீக்கம் வற்றியதா? நான் சுகம்தான்.

எங்கள் பனியன் கம்பெனி முதலாளி மகன் சதீஷ்குமார் வெளிநாட்டு பைக் வாங்கியிருக்கிறார். வேகம் கூட்ட, அதன் இன்ஜின் கம்ப்யூட்டரில் லேப்டாப் வழியாகப் புது டியூன் ஏற்றுவது என் வேலை. நிட்டிங் மெஷின்கள் ஓடினால் வோல்டேஜ் இறங்கி, பைக்கின் பேட்டரி சார்ஜர் அணைந்து, எல்லாம் பாதியில் நின்றுவிடும். நேற்று டீ நேரத்தில் மெஷின்களை நிறுத்தியதும் முழுதாக ஏறியது. ஆனால் ஆக்சிலேட்டரை விட்டாலும் இன்ஜின் தானாக உறுமுகிறது.

“பழைய டியூனையே போட்டுறலாமுங்க” என்றேன்.

“லேப்டாப்புல ஓகேன்னு வந்துருச்சல்ல? ஞாயித்துக்கெழம நீயே ஓட்டிக் காட்டு” என்றார்.

பரணில் கிடக்கும் என் ஹெல்மெட்டை மடத்துக்குளம் பஸ்ஸில் கொடுத்தனுப்புங்கள். அம்மாவிடம் காரணம் சொல்ல வேண்டாம்.

கீழிருந்து கூப்பிடுகிறார். இப்போதே ஓட்ட வேண்டுமாம். ஹெல்மெட் அனுப்ப வேண்டாம், அப்பா.

தெய்வசிகாமணி